சம்பளப் பட்டியலில் ஒரு புதுக் கட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதியவன் நான். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அந்த வீட்டு உப்பைத் தின்றிருக்கிறேன், சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடையின் சம்பளப் பட்டியலில் என் கையாலேயே ஒரு புதுக் கட்டம் போட்டேன். அதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சம்பளப் பட்டியலில் இடது பக்கம் பெயர், வந்த நாள், சம்பளம். வலது பக்கம் பிடித்தங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ், தீபாவளிச் சீட்டு. 2019-ல் பொங்கல் முடிந்த கையோடு முதலாளி கூப்பிட்டார். "கணக்குப்பிள்ளை, வேலைக்கு வர்றவங்க வண்டிக்கு இனிமே நாளைக்கு 10 ரூபாய் பிடிச்சுக்குங்க" என்றார். மாதம் 26 நாள், ஆக 260 ரூபாய். 'வாகன நிறுத்தம்' என்று எழுதக் கட்டத்தின் தலையில் இடம் போதவில்லை. 'வா.நி.' என்று சுருக்கினேன். பில் போடுகிற பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், எனக்கு எங்க வாடகை நிலுவை?" என்று கேட்டான்.

அதற்கு முன்னால் கடைக்குப் பின்புறம் கொல்லை மாதிரி ஓர் இடம் இருந்தது. ஒரு வேப்பமரம், அதன் நிழலில் நாற்பது ஐம்பது வண்டிகள். பட்டுப் பிரிவுக்கென்று அங்கே புதுக் கட்டடம் எழும்பியது. மரம் போயிற்று, நிழலும் போயிற்று. இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையை முதலாளி வாடகைக்குப் பிடித்து, "வண்டியெல்லாம் இனிமே அங்கே" என்றார்.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துத் தெருக்கள் தேர் ஓட அமைந்தவை, கார் நிறுத்த அமைந்தவை அல்ல. முகூர்த்த நாளில் பெரிய கடைத்தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மன்னார்குடியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர் காரை நிறுத்த இடம் இல்லையென்றால் நேரே தஞ்சாவூருக்குப் போய்விடுவார். "கஸ்டமர் வண்டி நிக்க இடம் இல்லேன்னா கடை எதுக்கு?" என்று முதலாளி கேட்டதில் தப்பில்லை. மனைக்கு வாடகை கொடுப்பதும் அவர்தான்.

சரி, எவ்வளவு வாடகை? அதையும் நான்தான் எழுதினேன். மாதம் 7,000 ரூபாய். வண்டிகள் 48. நாற்பத்தெட்டை 260-ஆல் பெருக்கினால் 12,480. காவலுக்குப் புதிதாக ஆள் போடவில்லை, கடை வாட்ச்மேன்தான் நடுநடுவே ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆக மாதத்துக்கு 5,480 ரூபாய் மிச்சம். இதை ஒருநாள் தயங்கித் தயங்கி முதலாளியிடம் சொன்னேன். "கூரை போட வேணாமா?" என்றார். போட வேண்டியதுதான். ஆனால் நான் ஓய்வு பெறுகிற வரை அங்கே கூரை வரவில்லை.

நம் பக்கத்து மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் காலைப் பிடித்து உள்ளே இழுக்கும். மழை பிடித்துக்கொண்டால் அந்த மனையில் சைடு ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு வண்டி சாய்ந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையே படுத்துவிடும். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடி, செல்போன் வெளிச்சத்தில் சேற்றில் நின்றுகொண்டு பெண்கள் வண்டியைத் தூக்குவார்கள். கண்ணாடி உடையும், கிளட்ச் கம்பி வளையும். சுவாமிமலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், சேலைப் பிரிவில் இருந்தவர், கைப்பையில் ஓர் ஓட்டுத் துண்டு வைத்திருந்தார். காலையில் ஸ்டாண்டுக்குக் கீழே அதை வைப்பார், ராத்திரி கழுவிப் பையில் போட்டுக்கொள்வார். அங்கேயே விட்டுவிட்டுப் போனால் மறுநாள் இருக்காதாம். கொஞ்ச நாளில் பாதிப் பேர் பையில் ஓடும் செங்கல்லுமாக இருந்தது.

260 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது சம்பளம் 9,100. நாளுக்கு 350. அவருக்கு 260 என்பது முக்கால் நாள் உழைப்பு. எங்கள் மேனேஜருக்கு 39,000, நாளுக்கு 1,500. அவரிடமும் 260 பிடித்திருந்தால் அது காலையில் வந்து இரண்டாவது காப்பி குடிக்கிற வரைக்கான சம்பளம். ஆனால் அவரிடம் பிடிக்கவே இல்லை. அவர் கார் கடை முகப்பிலேயே நிழலில் நின்றது. ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்தாறு ஸ்கூட்டிகள் நிற்கும். இடம் குறைவு என்பதுதான் காரணமென்றால் முதல் ரசீது யாருக்குக் கிழித்திருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். சம்பளத்திலிருந்து எதை எதைப் பிடிக்கலாம் என்று 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே பட்டியல் இருந்தது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே வழியில்தான் போகிறது. முதலாளி செய்துதருகிற வசதிக்காகப் பிடிப்பதென்றால் அது அரசு அனுமதித்த வகையாக இருக்க வேண்டும், தொழிலாளி அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அந்த வசதியின் மதிப்புக்கு மேல் பிடிக்கவும் கூடாது.

இதில் 'ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்' என்பதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். 'வாகன நிறுத்த வசதிக்காக மாதம் 260 ரூபாய் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு தாள் அடித்து, சம்பளம் கொடுக்கிற மேசையில் சம்பளக் கவரோடு வைத்தோம். கையெழுத்துப் போட்டால் கவர். நாற்பத்தெட்டுப் பேரும் போட்டார்கள். ஒருவர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "போடலேன்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாதும்மா, போடுங்க" என்றேன். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே இன்று வரை விளங்கவில்லை.

வேலை செய்கிற இடத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் என்பது நம்மூர் முதலாளிகள் கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்று ஒரு நகரம். அங்கே 2012 ஏப்ரலிலிருந்து நகராட்சியே இதை வசூலிக்கிறது. பதினோரு வண்டி நிறுத்துகிற இடமோ அதற்கு மேலோ வைத்திருக்கிற நிறுவனம் ஓர் இடத்துக்கு வருஷத்துக்கு 288 பவுண்டு கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள், பிறகு ஏறியிருக்கிறது. கட்ட வேண்டியது முதலாளிதான். அவர் விரும்பினால் அதை ஊழியர்கள் தலையில் ஏற்றலாம், ஏற்றாமலும் இருக்கலாம். கேட்டவுடன் எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். டிராம் பாதையை நீட்டினார்கள். 2015-ல் புதுப் பாதைகள் இரண்டு ஓட ஆரம்பித்தன. அதில் ஒன்று ஊரின் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போகிறது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வா, வருவதற்கு வழி செய்திருக்கிறேன் என்று சொல்ல அவர்களால் முடிகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். 1992-ல் ஒரு சட்டம். ஊழியர்களுக்காக இடத்தை வாடகைக்கு எடுத்து இலவசமாக விடுகிற பெரிய நிறுவனங்கள், வண்டி நிறுத்தாத ஊழியருக்கு அந்த இடத்தின் மதிப்பைப் பணமாகக் கொடுக்க முன்வர வேண்டும். டொனால்ட் ஷூப் என்கிற பேராசிரியர் வருஷக்கணக்காக வாதாடிய யோசனை அது. நம் கணக்கில் சொன்னால், 48 வண்டிக்கு 7,000 வாடகை, தலைக்கு ஏறக்குறைய 146 ரூபாய். பஸ்ஸில் வருகிறவருக்கு முதலாளி மாதம் 146 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எங்கள் முதலாளியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

சரி, நம் ஊரில் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வரலாமா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் கடையிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் காலையில் பஸ்ஸுக்கு மாறினார்கள். காலையில் வந்துவிடலாம். ராத்திரி? கடை மூட ஒன்பதரை, கணக்கு ஒப்படைத்து வெளியே வரப் பத்து. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் பதினொன்று. அவர்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்கே போயிருக்கும். வலங்கைமான் பக்கம் போகிற பெண் வேறு பஸ்ஸில் ஏறினாலும் மெயின் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் இருட்டில் நடக்க வேண்டும். ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பேர் மறுபடி ஸ்கூட்டிக்கே திரும்பினார்கள். அவர்களுக்கு வண்டி என்பது, வேலையை விட்டுவிடாமல் இருக்க வீட்டில் கிடைத்த அனுமதி.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டம் வந்தது, நினைவிருக்கும். பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் கடையில் மூன்று பேருக்குக் கிடைத்தது, சம்பளச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டேன். மாதம் 260 என்றால் வருஷத்துக்கு 3,120. எட்டு வருஷத்துக்கு 24,960. பெண்கள் வேலைக்குப் போகட்டும் என்று அரசு கொடுத்த பணம், எட்டு வருஷத்தில் நாற்பது ரூபாய் குறைய அப்படியே கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. இங்கிலாந்தில் கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இலவசம் என்றார்கள். ஊரே வாசலில் நின்று கை தட்டிய நேரம். 2022 மார்ச் 31-டன் அந்தச் சலுகை முடிந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் நிலைமை ஒன்றுதான் போல.

சின்ன வயதில் அப்பாவோடு நெல் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் மண்டிக்கு வந்திருக்கிறேன். ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை இருந்த காலம். வெளியாள் வண்டிக்கு அங்கே காசு உண்டு. ஆனால் மண்டிக்காரர் எங்களைப் பேட்டையில் நிறுத்த விடமாட்டார். "நம்ம நெல்லை ஏத்தி வந்த வண்டி, உள்ளே ஓட்டுங்க" என்பார். மாட்டை அவிழ்த்துக் கட்டியதும் ஒரு கத்தை வைக்கோலும் தொட்டித் தண்ணீரும் வரும். அவர் ஒன்றும் தர்மவான் இல்லை, எடையில் கை வைக்கிற ஆள்தான். தன் நெல்லை ஏற்றி வந்தவனை வண்டிக்குக் காசு கட்ட வைப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது.

என்னைக் கேட்டால், கட்டணமே கூடாது என்று சொல்ல மாட்டேன். காரில் வருகிறவரிடம் வாங்குங்கள். வேறு வழி இருந்தும் வண்டியில் வருகிறவரிடம் வாங்குங்கள். வாங்கிய பணத்தைத் தனி நோட்டில் எழுதுங்கள். கடைத்தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்தால் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு வேன் விடலாம், ஒன்று சுவாமிமலைப் பக்கம், ஒன்று வலங்கைமான் பக்கம். நம் பகுதி அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் இதே கும்பகோணத்தில்தான் இருக்கிறது. எல்லாக் கடைகளும் கையெழுத்துப் போட்டு, கடை மூடுகிற நேரத்துக்கு ஒரு பஸ் கேட்கலாம். ஊழியரிடம் கையெழுத்து வாங்கத் தெரிந்த நமக்கு இதற்கு வாங்கத் தெரியாதா?

போன மாதம் பேரன் காதுகுத்துக்கு வேட்டி எடுக்க அதே கடைக்குப் போயிருந்தேன். அந்தக் காலி மனையில் இப்போது யாரோ மூன்று மாடி கட்டிவிட்டார்கள். "வண்டியெல்லாம் எங்கேம்மா நிறுத்துறீங்க?" என்று சேலைப் பிரிவில் கேட்டேன். "தெருவுலதான் சார், ஓரமா. போலீஸ் வந்தா ஓடிப்போய் நகர்த்திட்டு வருவோம்" என்றார். "அப்போ பிடித்தம்?" என்றேன்.

"அது போய்க்கிட்டுதான் சார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் வேட்டியை மடித்துப் பையில் போட்டார்.

வணக்கம்.