ஏஞ்சல் மீன் தன் முட்டையை ஏன் தானே தின்னுது?

(காட்சி: இருட்டு அறை, தொட்டியில் மட்டும் மங்கலான வெளிச்சம். சாய்த்து வைத்த டைல்ஸ் துண்டில் வரிசை வரிசையாக முட்டைகள். இரண்டு ஏஞ்சல் மீன்கள் மாறி மாறி விசிறுகின்றன.)

நேத்து சாயங்காலம் போட்ட முட்டைங்க இது. ஒவ்வொண்ணும் கடுகு சைஸ், தேன் நிறம். அப்பா, அம்மா ரெண்டும் முறை வச்சுக்கிட்டு துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கு பாருங்க. முட்டை மேல தண்ணி தேங்காம ஓடணும்னுதான் இந்த வேலை.

இதே ஜோடி போன தடவை போட்ட முட்டை விடியறதுக்குள்ள காணோம். ஒண்ணு விடாம தின்னுடுச்சுங்க. ஏஞ்சல் வளர்க்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். உடனே “இந்த ஜோடி சரியில்ல”ன்னு கடையில திருப்பிக் குடுத்துடுறாங்க. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க.

(காட்சி: பக்கவாட்டில் நீந்தும் மீன். அது முன்பக்கம் திரும்பியதும் மெல்லிய கோடு போலத் தெரிகிறது.)

இந்த மீனோட ஊர் அமேசான். ஓட்டம் குறைஞ்ச தண்ணியில, மூழ்கிக் கிடக்கிற கிளை, வேர், செடிக்கு நடுவுல வாழுது. அந்தச் சந்துல புகுந்து போகத்தான் உடம்பு இவ்வளவு தட்டை. கறுப்புப் பட்டை கிளையோட நிழல் மாதிரி தெரிஞ்சு ஆளை மறைச்சிடும். இதோட அறிவியல் பேர் டெரோஃபில்லம். கிரேக்கத்துல இறகு, இலை ரெண்டையும் சேர்த்து வச்ச பேர். செங்குத்தா நிக்கிற இலையிலதான் முட்டையை ஒட்டும். நம்ம வீட்டுல அந்த இலைக்குப் பதிலாத்தான் இந்த டைல்ஸ் துண்டு. ரெண்டு இன்ச் பி.வி.சி. பைப்பை நிக்க வச்சாலும் போதும். கடப்பா கல் மட்டும் வேண்டாம், அது சுண்ணாம்புக் கல், தண்ணியோட கடினத்தை ஏத்தும்.

ஜோடி எப்படிக் கிடைக்கும்? சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் சந்தைக்குப் போனீங்கன்னா, ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு குடுங்கன்னு கேக்காதீங்க. சின்ன வயசுல யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆறு குஞ்சா வாங்கி, மூணடி நீளம், ஒன்றரை அடி உயரம் இருக்கிற தொட்டியில விட்டு வளருங்க. எட்டு, பத்து மாசத்துல ரெண்டு மீன் ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விரட்ட ஆரம்பிக்கும். அதுதான் ஜோடி. அதை மட்டும் ரெண்டடித் தொட்டிக்கு மாத்துங்க. சூடு 27, 28 டிகிரி. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மெட்ரோ தண்ணின்னா குளோரினை எடுத்துட்டு ஊத்துங்க. போர் தண்ணி ரொம்பக் கடினமா இருந்தா ஆர்.ஓ. தண்ணி கலந்துக்கங்க, முட்டை பொரிக்கிறதுக்கு நல்லது.

(காட்சி: மீனின் அடிவயிறு, மிக அருகில். சிறு குழாய் போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது.)

முட்டை போடுறதுக்கு முன்னாடி இந்தக் குழாய் வெளியில தெரியும். பெண்ணுக்குத் தடிமனா, நுனி மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெல்லிசா, கூரா இருக்கும். இதைப் பார்க்கத் தெரியாமத்தான் நான் முதல்ல ஏமாந்தேன். நாலு தடவை முட்டை, நாலு தடவையும் ரெண்டு நாள்ல மொத்தமும் பால் வெள்ளை. கடைசியில பார்த்தா ரெண்டுமே பெண்ணுங்க! ஆண் இல்லேன்னா பெண்ணும் பெண்ணும் ஜோடி சேரும், ரெண்டுமே முட்டை போடும்.

சரி, ஏன் தின்னுது? ஒண்ணு, கரு சேராத முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும், அதைப் பொறுக்கித் தின்னு மத்ததைக் காப்பாத்துது. ரெண்டு, பயம். தொட்டி பக்கத்துல ஆள் நடமாட்டம், கூட வேற மீன், ராத்திரி பட்டுனு லைட்டை அணைக்கிறது, எதுவா இருந்தாலும் இனி குஞ்சு பிழைக்காதுன்னு ஆனா தின்னுடும். மூணாவது அனுபவமின்மை. முதல் ரெண்டு மூணு ஈடு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

நான் செஞ்சது ரெண்டே மாற்றம். மூணு பக்கமும் கறுப்புச் சார்ட் ஒட்டினேன். ராத்திரி முழுக்க ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய விட்டேன். இந்தத் தடவை முட்டை இருக்கு.

விக்கறதுக்காக வளர்க்கிறவங்க முட்டையைத் தனியா எடுத்து, பூஞ்சை பிடிக்காம இருக்க மெத்திலின் ப்ளூங்கிற நீல மருந்து ஊத்தி, காத்து விட்டுப் பொரிக்க வைப்பாங்க. முட்டையை எடுத்துட்டா ஜோடி சீக்கிரமே அடுத்த ஈடு போட்டுடும். அது அவங்க பிழைப்பு, தப்பில்ல. வீட்டுல ஒரு தடவையாவது தாய் தகப்பன்கிட்டயே விட்டுப் பாருங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

(காட்சி: மூன்றாம் நாள். முட்டை இருந்த இடத்தில் துடிக்கும் வால்கள்.)

இந்தச் சூட்டுல சுமார் 60 மணி நேரத்துல பொரிச்சிடும். தலையில இருக்கிற பசையால ஒட்டிக்கிட்டு வாலை மட்டும் ஆட்டும். கீழ விழுந்ததை வாயில கவ்வி, பழையபடி மேல ஒட்டும் பாருங்க. தின்னுதுன்னு பதறாதீங்க! இப்போ தீனி போடவும் வேண்டாம், மஞ்சள் கரு வயித்துலயே இருக்கு. இன்னும் நாலஞ்சு நாள்ல நீந்த ஆரம்பிக்கும்.

அன்னைக்குத் தீனி தயாரா இருக்கணும். ஒரு லிட்டர் தண்ணியில 30 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை (உப்புத் தண்ணியில வாழுற பொடி இறால் மாதிரி உயிர், அதோட குஞ்சுதான் தீனி), அடியில இருந்து காத்து. 28 டிகிரியில ஒரு நாள்ல பொரிச்சிடும். காலி முட்டை ஓடு மேல மிதக்கும், அதை விட்டுட்டு அடியில இருக்கிற குஞ்சை ட்யூபால இழுங்க. துணியில வடிச்சு, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. மிஞ்சினது அடியில செத்து அழுகும், தினமும் உறிஞ்சி எடுத்துடுங்க.

(காட்சி: எட்டாம் நாள் மாலை. குஞ்சுக் கூட்டம், ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சு நிறம். பல்பு வெளிச்சம் மட்டும்.)

வயிறு ஆரஞ்சா இருக்குன்னா தின்னிருக்குன்னு அர்த்தம். வெளிச்சம் குறைஞ்சதும் அப்பா மீன் என்ன செய்யுதுன்னு பாருங்க. கூட்டத்தை விட்டு ஓடின குஞ்சை வாயில எடுத்துட்டு வந்து, டைல்ஸ் பக்கத்துல துப்பிட்டு, அடுத்ததைத் தேடிப் போகுது.