ஹாமில்டன் காலுக்கு என்ன ஆச்சு? கல்லட்டி முனையில நின்னு ஒரு எஃப்1 கணக்கு

வணக்கம் மக்களே. காத்து இரைச்சல் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்குங்க. இப்ப நிக்கிறது தலைகுந்தா. ஊட்டியிலேர்ந்து கூடலூர் ரோட்டுல வந்தா, இங்க பிரியுற கிளை ரோடுதான் கல்லட்டி மலைப்பாதை. மசினகுடி பக்கம் இறங்குறதுக்குள்ள 36 கொண்டை ஊசி வளைவு. ஜனவரி 2026, விடிகாலை, கேமராவ அந்தப் பக்கம் திருப்புறேன் பாருங்க, புல்லு மேல உப்பு தூவுன மாதிரி உறைபனி. எஃப்1, அதான் ஃபார்முலா 1 கார் ரேஸ், அதைப் பேச எதுக்கு இங்க வரணும்னு கேப்பீங்க. இன்னைக்குப் பேசப்போறதுல பாதி பிரேக் சமாச்சாரம். அதுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல.

2025 சீசன்ல சீட், அதாவது டீம், மாறின டிரைவர்கள்ல எல்லாரும் கேக்குறது லூயிஸ் ஹாமில்டனைத்தான், ஏன் இப்படித் தடுமாறுனாருன்னு. மெர்சிடஸ்ல 12 வருஷம், அங்கயே ஆறு சாம்பியன் பட்டம். ஃபெராரிக்குப் போனாரு, ரெண்டாவது வாரமே ஷாங்காய் ஸ்பிரின்ட்ல, அதாவது சனிக்கிழமை நடக்குற குட்டி ரேஸ்ல, போல் (முதல் இடத்துலேர்ந்து கிளம்புறது), வெற்றி. "வந்துட்டாருய்யா"ன்னு எல்லாரும் சொன்னாங்க. சீசன் முடிவுல 156 பாயின்ட், ஆறாவது இடம். கூட ஓட்டுன லெக்லேர் 242. ஞாயித்துக்கிழமை ரேஸ்ல ஒரு போடியம் (முதல் மூணு இடம்) கூட இல்ல, அவர் வாழ்க்கையில முதல் தடவை. ரேஸ்ல யார் எந்த இடத்துலேர்ந்து கிளம்பணும்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்ல, கடைசி மூணுலயும் முதல் கட்டத்துலயே வெளிய.

வயசாயிடுச்சுன்னு சொல்றது சுலபம். 41 வயசு, அதை முழுசா தள்ளிட முடியாதுதான். ஆனா முதல்ல காலுக்குக் கீழ என்ன மாறுச்சுன்னு பாக்கணும்.

இந்த ரோட்டுல இறங்குற டிரைவர் யாரைக் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்லுவாங்க: செகண்ட் கியர்ல இறக்கு, நியூட்ரல் போடாத, பிரேக்கை அழுத்திக்கிட்டே வராத. ஏன்னா நம்ம பிரேக் பேட் சூடானா பிடிக்காது. கருகுற வாடை வரும், பெடல் மெத்துன்னு உள்ள போகும். எஃப்1 கார்ல இருக்குற கார்பன் டிஸ்க் நேர் எதிர். சில நூறு டிகிரி ஏறுனாத்தான் அது பிடிக்கவே ஆரம்பிக்கும், ஆயிரம் டிகிரி வரைக்கும் போகும். டிரைவர் நேர்கோட்டு முடிவுல 100 கிலோவுக்கு மேல பலம் கொடுத்து ஒரே மிதி மிதிப்பாரு. அப்புறம் வளைவுக்குள்ள போகப் போக காலைக் கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாரு. மிதிச்ச உடனே டிஸ்க் எவ்வளவு கவ்வுது, அதுக்கு 'பைட்'னு பேரு. அந்தப் பைட் நினைச்சதை விட ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு பிந்துனாலே போச்சு. அடுத்த லேப்ல (டிராக்கோட ஒரு முழுச் சுத்து) டிரைவர் சீக்கிரமா மிதிப்பாரு, நேரம் போகும். இல்ல அதிகமா மிதிப்பாரு, வீல் லாக் ஆகி டயர்ல தட்டையா ஒரு இடம் தேயும், அதிர்வு வரும்.

மெர்சிடஸ்ல ஹாமில்டன் பழகுனது கார்பன் இண்டஸ்ட்ரி டிஸ்க். ஃபெராரியில பிரெம்போ. சீசன் நடுவுல மாத்தி மாத்திப் பாத்தாங்க. அதைவிடப் பெரிய சிக்கல் இன்ஜின் பிரேக்கிங். இந்தக் கல்லட்டியில நம்மளைக் காப்பாத்துற அதே சங்கதி. மெர்சிடஸ்ல அதைப் பயன்படுத்துனதே இல்ல, ஃபெராரியில நிறைய பயன்படுத்துறாங்கன்னு அவரே சொன்னாரு. அது என்ன செய்யும்? ஆக்சிலரேட்டரை விட்டதும் பின் வீல் ரெண்டும் இழுபடும். அளவா இருந்தா காரோட மூக்கு வளைவுக்குள்ள அழகாத் திரும்பும். ஒரு துளி அதிகமானா வால் விசிறிக்கிட்டுப் போகும். லெக்லேருக்கு அது பல வருஷப் பழக்கம். ஹாமில்டன் காலுக்கு அது வேற மொழி.

அதுக்கு மேல காரும் சரியில்ல. ஷாங்காய்ல சனிக்கிழமை ஸ்பிரின்ட் ஜெயிச்சவரை ஞாயித்துக்கிழமை தகுதி நீக்கம் பண்ணாங்க. காரோட அடியில ஒரு பலகை இருக்கும், பிளாங்க். புதுசுல 10 மில்லிமீட்டர், ரேஸ் முடிஞ்சு அளந்தா 9க்குக் குறையக் கூடாது. அவர் கார்ல ஓரிடத்துல 8.5. அதே நாள் லெக்லேர் கார் ஒரு கிலோ எடை கம்மின்னு அவரையும் தூக்கிட்டாங்க. இந்த கிரவுண்ட் எஃபெக்ட் கார்ல, அதாவது அடியில போற காத்து தரையோட இழுத்துப் பிடிக்கிற கார்ல, எவ்வளவு தாழ்வா ஓடுதோ அவ்வளவு வேகம். ஒரு தடவை பிளாங்க்ல மாட்டுன டீமுக்கு அப்புறம் தாழ்த்தி ஓட்டத் தைரியம் வராது. நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல இதே பிளாங்க்ல மெக்லாரன் கார் ரெண்டும் மாட்டுச்சு. அதுல ஒண்ணை ஓட்டுன நோரிஸுக்கு ரெண்டாவது இடத்தோட 18 பாயின்ட் காலி. அந்த நோரிஸ் கடைசியில ரெட் புல் டீமோட வெர்ஸ்டாப்பனை விட ரெண்டே ரெண்டு பாயின்ட் அதிகம் எடுத்து, 423க்கு 421னு பட்டம் வாங்குனாரு. அரை மில்லிகூட வராத பலகைத் தேய்மானத்துல எவ்வளவு தொங்குதுன்னு பாத்துக்குங்க.

ஒரு நிமிஷம், லாரி போகட்டும்... ஆங், போயிடுச்சு.

ரெட் புல்லோட ரெண்டாவது சீட்டுக்கு வருவோம். 2025ல அந்த டீம் எடுத்தது 451 பாயின்ட். அதுல 421 வெர்ஸ்டாப்பன். மிச்சம் 30 சுனோடா. லாசனுக்கு ரெண்டே ரேஸ் கொடுத்துட்டு இறக்கிட்டாங்க, அவர் கணக்குல சைபர். அதுக்கு முன்னாடி அதே சீட்டுல காஸ்லி, ஆல்பன், பெரெஸ். இத்தனை பேரும் ஓட்டத் தெரியாதவங்களா? அந்தக் காரோட முன்பக்கம் கத்தி மாதிரி, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே திரும்பும், பின்பக்கம் நிக்காது. கம்ப்யூட்டர் மவுஸோட வேகத்தை முழுசா ஏத்தி வெச்சா அம்புக்குறி எப்படித் தாவும், அப்படின்னு ஆல்பன் சொன்ன உவமைதான் சரி. என்னைக் கேட்டா ரெண்டு ரேஸ்ல ஆளை மாத்துனது அநியாயம்தான். இப்ப ஹாஜர் உக்காருறாரு. புது விதி, புது கார்ங்கிறது மட்டும்தான் அவருக்கு ஆறுதல்.

எதிர்ப்பக்கம் சைன்ஸைப் பாருங்க. ஹாமில்டனுக்காக ஃபெராரி அவரை அனுப்புச்சு, வில்லியம்ஸுக்குப் போனாரு. முதல் பாதி தடுமாற்றம். அப்புறம் பாகு, கத்தார், ரெண்டு இடத்துலயும் மூணாவது. 2024ல 17 பாயின்ட்டோட ஒன்பதாவதா இருந்த டீம் 137 எடுத்து அஞ்சாவது வந்துச்சு. அதுல ஆல்பன் பங்குதான் பெருசு, 73. இருந்தாலும் புதுக் கார்ல கால் பழக அரை சீசனாவது ஆகும்ங்கிறதுக்கு சைன்ஸ் நல்ல உதாரணம்.

டிரைவர் மாறுறது போஸ்டர்ல தெரியும். டீமைத் தூக்கிவிடுற ஆளுங்க மாறுறது தெரியாது. ரெட் புல்லோட இன்ஜினியர் ராப் மார்ஷல் 2024 ஜனவரியில மெக்லாரனுக்கு வந்தாரு. அந்த வருஷம் டீம் பட்டம், அடுத்த வருஷமும். அவர் ஒருத்தரால மட்டும்னு சொல்லல, ஆனா அந்தப் பேரைத் தெரியாம மெக்லாரனைப் பத்திப் பேசக் கூடாது. அடுத்து விண்ட் டனல், அதாவது கார் மாதிரியை வெச்சுக் காத்தை ஊதிச் சோதிக்கிற கூடம், அதோட கணக்கு. முதல் இடம் வந்த டீமுக்குச் சோதனை நேரம் 70 சதவீதம், ஒவ்வொரு இடம் கீழ போகப் போக 5 கூடும், பத்தாவதுக்கு 115. சுமார் எட்டு வாரத்துக்கு 320 ஓட்டம்தான் அடிப்படை. அப்போ மெக்லாரனுக்கு 224, கடைசியில வந்த ஆல்பைனுக்கு 368. தோத்தவனுக்கு அரிசி கூடப் போடுற பந்தி இது. அதனாலதான் ஒரு டீம் ரொம்ப நாள் உச்சியில உக்கார முடியல.

இப்ப 2026. பிரேக் கதை மொத்தமா மாறுது. எக்ஸாஸ்ட் சூட்டுலேர்ந்து மின்சாரம் எடுத்த எம்.ஜி.யு.-எச் போச்சு. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுத்து, அப்புறம் காரைத் தள்ளவும் செய்யுற மோட்டார் எம்.ஜி.யு.-கே, 120 கிலோவாட்லேர்ந்து 350க்கு ஏறுது. அதோட வேலை பின் வீல் ரெண்டுலயும்தான். மிதிக்கும்போது பின்பக்கம் நிறுத்துற வேலையில பெரும்பங்கை மோட்டாரே எடுத்துக்கிட்டு பேட்டரிக்கு அனுப்பும், லேப்புக்கு 8.5 மெகாஜூல் வரைக்கும். தப்பு எங்க நடக்கும்னா, பேட்டரி நிறைஞ்ச நொடியில மோட்டார் இழுக்குறதை நிறுத்தும். அந்த இடத்தை டிஸ்க் உடனே நிரப்பணும். மென்பொருள் ஒரு கண்ணிமை பிந்துனாலும் பெடல் காலுக்குக் கீழ மாறுன மாதிரி இருக்கும். இந்த வருஷம் 22 பேரும் புதுசா பழகணும். ஹாமில்டன் மட்டும் அந்நியனா இருந்த நிலைமை முடிஞ்சது. அவர் எழுந்து வர ஒரு வழி இருக்குன்னா அது இதுதான். 2013ல மெர்சிடஸ்ல ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சாரு, 2014ல விதி மாறுச்சு, பட்டம். ஆனா விதி மாத்தம் எல்லாருக்கும் சிரிக்காது. அதே புது விதியில அலோன்சோ 2015ல மெக்லாரன் ஹோண்டாவுக்குப் போய் வருஷம் பூரா எடுத்தது 11 பாயின்ட்.

அதே அலோன்சோ, அதே ஹோண்டா, இப்ப ஆஸ்டன் மார்ட்டின்ல மறுபடி சேருறாங்க. காரை வரையறது ஏட்ரியன் நியூவி. நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ஒரு தகவல்: மலைக்குக் கீழ கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஓட்டுனாரே ஜோர்டன், இண்டியானாபோலிஸ்ல ஆறே கார் ஓடுன ரேஸ்ல நாலாவது வந்து 5 பாயின்ட் எடுத்தாரே, அந்த டீம்தான் மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட்னு பேர் மாறி இன்னைக்கு ஆஸ்டன் மார்ட்டின். இருக்குறது அன்னைக்கும் இன்னைக்கும் சில்வர்ஸ்டோன்ல.

மெர்சிடஸ் இன்ஜின் நாலு டீம்ல, ஃபெராரி மூணுல, புதுசா வந்த கேடிலாக்கும் அதுல ஒண்ணு. அங்க பெரெஸும் போட்டாஸும். சாபர் டீம் ஆடி (Audi) டீமா மாறிடுச்சு.

சீசனுக்கு முன்னாடி நடக்குற டெஸ்ட்ல லேப் டைமைப் பாக்காதீங்க, எரிபொருள் எவ்வளவு ஊத்தியிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. வளைவுக்குள்ள நுழையிற இடத்தை மட்டும் பாருங்க. முன் வீல் புகையுதா, ஸ்டீயரிங்ல திருத்தம் எத்தனை தடவை. ஒரே வளைவுல ஒரே ஆள் ஒவ்வொரு லேப்பும் வேற வேற இடத்துல மிதிச்சா, அந்த டீமோட பிரேக் மென்பொருள் இன்னும் வேகலன்னு அர்த்தம். 2026ல முதல் ரேஸ் மார்ச் 8, மெல்பர்ன், நமக்குக் காலை 9:30.

போன் பேட்டரி இந்தக் குளிர்ல சடார்னு இறங்குது, 9 சதவீதம் காட்டுது. நிறுத்திக்கிறேன்.