கொடைக்கானலா, மூணாறா? மதுரைக்காரர்கள் எப்படி முடிவு செய்வது

[காட்சி: ஆரப்பாளையம் பேருந்து நிலையம், விடிகாலை]

வணக்கம். மதுரையில் வெயில் ஏற ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு எழுகிற கேள்வி இது: கொடைக்கானலா, மூணாறா? போன தடவை எங்கே போனோம், ரூம் எங்கே மலிவு என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது காலண்டரை. லீவு எந்த மாதத்தில் என்று தெரிந்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

[வரைபடம்: மேற்குத் தொடர்ச்சி மலை, இரண்டு ஊர்களும் புள்ளிகளாக]

ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவமழை நேராக மூணாற்று மலைகள்மேல் மோதிக் கொட்டுகிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையோ, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் ஒரு கிளை. மேகம் பெரும்பாலான தண்ணீரை மேற்கிலேயே இறக்கிவிடுவதால் இந்தப் பக்கம் அப்போது மழை குறைவு. கொடைக்கானலுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையோடு வரும்.

அதாவது மதுரையில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கும் நாட்களில் மூணாற்றில் அடைமழை. தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோட்டில் மண் சரிவதும் அந்த நாட்களில்தான். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை குடும்பத்தோடு மூணாறு போகாதீர்கள் என்றே சொல்வேன்.

காலாண்டுத் தேர்வு லீவு வருகிறதே, செப்டம்பர் கடைசி? அது மூணாற்றுக்கு நல்ல நேரம். மழை தணிந்து அருவிகளில் தண்ணீர் நிற்கும், தேயிலை பச்சைப்பசேலென்று இருக்கும். அரையாண்டு லீவில் இரண்டு ஊருமே நன்றாக இருக்கும், கூட்டம் மட்டும் தாங்காது. மே மாதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

[காட்சி: கொடைக்கானல் ஏரி, காலைப் பனி]

சரி, மாதம் முடிவாகிவிட்டது. அடுத்து, கூட வருகிறவர்கள் யார்?

கொடைக்கானல் நடக்கிற ஊர். நட்சத்திர வடிவ ஏரியை 1863-இல் உருவாக்கியவர் மதுரையில் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச். அதைச் சுற்றி வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதிகம் ஏற்ற இறக்கம் இல்லாத சாலை. தாத்தா பாட்டி பாதி தூரம் நடந்துவிட்டு ஒரு சுக்குக் காபியோடு உட்கார்ந்துகொள்ளலாம். பிள்ளைகள் வாடகை சைக்கிளில் இன்னொரு சுற்று வரலாம். பிரையன்ட் பூங்கா ஏரிக்கரையிலேயே இருக்கிறது, கோக்கர்ஸ் வாக்கும் பக்கம்தான். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் என்பதால் மூணாற்றைவிடக் குளிர் கூடுதல், ஸ்வெட்டர் கட்டாயம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பூம்பாறைக்குப் போய்வாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் ஒன்று அது. தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு பல்லை நசுக்கினால் போதும், கையில் அந்த வாசனை சாயங்காலம் வரை போகாது.

[காட்சி: தேயிலைச் சரிவு, நடுவே வளையும் சாலை]

மூணாறு வண்டியில் பார்க்கிற ஊர். கடைவீதி சின்னது, நெரிசலானது; அங்கே நின்று பார்க்க அதிகம் இல்லை. அழகெல்லாம் வெளியே, மாட்டுப்பெட்டி, டாப் ஸ்டேஷன், ராஜமலை என்று திசைக்கொன்றாகப் பரந்து கிடக்கிறது. நாள் முழுக்க வண்டியில் உட்காரச் சலிக்காதவர்களுக்கு அது விருந்து. பாஷைக் கவலை வேண்டாம். தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், கடைவீதியில் தமிழே போதும்.

டாப் ஸ்டேஷனில் நிற்கும்போது கீழே போடி பக்கத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. நம் பக்கத்து மனிதர்களின் உழைப்பு கலந்த வரலாறு இது. பிள்ளைகளுக்கு அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

ராஜமலைக்கு வனத்துறை பேருந்தில்தான் போக வேண்டும். நம் மாநில விலங்கான வரையாடு சாலையோரத்திலேயே, ஆளைக் கண்டு மிரளாமல் மேய்வதைப் பார்க்கலாம். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். வரையாட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதமும் வேண்டாம்.

[காட்சி: போடிமெட்டு வளைவுகள்]

வழி. கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர், வத்தலக்குண்டு வழியாக. மலைப்பாதை நீளம்தான், ஆனால் படிப்படியாக ஏறும். டம்டம் பாறையில் நிறுத்தி தலையாறு அருவியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மூணாறு ஏறத்தாழ 155, உசிலம்பட்டி, தேனி, போடி வழியாக. போடியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். வாந்தி வருகிற பிள்ளைகள் இருந்தால் போடியில் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். ரயிலில் கொடைக்கானல் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினாலும் மலைமேல் ஊருக்கு இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருக்கிறது.

இனி மே மாதத்துக்கு வருவோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மலையும் தண்ணீரும் தாங்க வேண்டுமே, இந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன். அதனால் மே மாதத்தில் என் யோசனை: செவ்வாய், புதன் கிழமைகளில், அரசுப் பேருந்தில் கொடைக்கானல். பேருந்துப் பயணிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை. சொந்தக் காரில்தான் போவேன் என்றால் முந்தின நாளே வண்டி எண்ணைக் கொடுத்து இ-பாஸ் எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டு தாண்டும் முன் அது கையில் இருக்கட்டும்.