வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு

(இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பகுதியில் ஒரு சனசமூக நிலையத்தில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, மாதர் சங்கத்து அம்மாமாரே, வேலை முடிந்து நேரே இங்கே வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்வியின் மகத்துவம் பற்றி நான் பேசுவேன் என்று தலைவர் சொன்னார். மன்னிக்க வேண்டும், அதைப் பேசப்போவதில்லை. வன்னிச் சனத்துக்கு அதை ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் மரத்தின் கீழாவது பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் நாங்கள். நான் பேசப்போவது நேரசூசியைப் பற்றி, படிப்பை இடையில் விட்டவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வகுப்பை எந்த நேரத்தில், எப்படி நடத்துவது என்பதைப் பற்றி. எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் படிப்பு ஏறாமல் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் நேரமும் அவர்களுடைய வாழ்க்கையின் நேரமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

யார் இவர்கள்? முதலாவது, சண்டைக் காலத்துப் பிள்ளைகள். மன்னார்ப் பக்கமிருந்து தொடங்கிய ஓட்டம் கிளிநொச்சி, தருமபுரம், இந்த விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வந்து 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. பிறகு செட்டிகுளத்தில் மெனிக்பாம் அகதி முகாம். அது முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். இந்த இடைவெளியில் ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை மீண்டும் பள்ளிக்கூடம் வந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் இருத்தப்பட்டது. பின்னங்கள் தெரியாது, ஆனால் சமன்பாடு நடக்கிறது. எவ்வளவு நாளைக்குத்தான் தலையைக் குனிந்துகொண்டு இருப்பது? ஒருநாள் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கூட்டம் சண்டையே நினைவில் இல்லாதவர்கள். 2022இல் பொருள்விலை ஏறியபோது ஒருவன் மேசனுக்குக் கையாளாகப் போனான், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள், ஒருவன் முல்லைத்தீவில் மாமாவின் படகில் ஏறினான். 2016இல் கட்டாயக் கல்வி வயதைப் பதினாறாக உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் பதினாறு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையைத் தேடி வீட்டுப் படலைக்கு ஒருவரும் வருவதில்லை.

சரி, திரும்பி வர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையை, பதினோராம் தரத்தோடு பிள்ளைகள் எழுதுவதை, பள்ளிக்கூடம் போகாமலே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக யாரும் எழுதலாம். ஒன்பது பாடத்துக்கும் தோற்ற வேண்டும் என்றில்லை. தேசிய கல்வி நிறுவகம் 2005இல் திறந்த பாடசாலை என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. கல்வித் திணைக்களத்தில் முறைசாராக் கல்வி என்று ஒரு பிரிவே இருக்கிறது. 2017இல் 13 வருடக் கல்வித் திட்டம் வந்தது, ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடம் எடுத்து அடுத்த கட்டமான உயர்தர வகுப்புக்குப் போகலாம் என்று. தொழில் பழகியவருக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. பத்து வருடம் மேசன் வேலை செய்தவர் படிக்காமலே, செய்து காட்டி அதை எடுக்க வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமே வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டால் குறை ஒன்றும் இல்லைப்போலத் தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, "நீ எங்கள் நேரத்துக்கு வா" என்றுதான் சொல்கின்றன. தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு அந்தச் சிக்கல் இல்லை, உண்மைதான். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பலாம், கட்டணத்தைக் கட்டலாம். படிப்பிப்பது யார்? ரியூசனுக்குப் போகச் சொல்வீர்கள். ரியூசன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. இருபத்தாறு வயதுத் தாய் தன் அக்காவின் மகனோடு ஒரே வாங்கில் இருந்து படிப்பாளா? "சின்னம்மா, இதுகூடத் தெரியாதா" என்று அவன் விளையாட்டுக்குக் கேட்டாலே போதும், அடுத்த நாள் அவள் வரமாட்டாள்.

அமெரிக்காவில் ஜீ.ஈ.டி. என்று ஒரு சோதனை இருக்கிறது. உயர்பள்ளி முடிக்காதவர்கள் அதற்குச் சமமான தகுதியைப் பெறுவதற்கு. அது முதலில் யாருக்காக உருவானது தெரியுமா? 1942இல், படிப்பைப் பாதியில் விட்டு யுத்தத்துக்குப் போன படையினருக்காக. திரும்பி வருகிறவனை மறுபடியும் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு இருத்த முடியாது என்பது அந்த நாட்டுக்கு யுத்தம் முடியும் முன்னமே விளங்கியிருந்தது. எங்களுக்கு முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் விளங்கவில்லை என்பதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். இன்று அந்தச் சோதனையில் நான்கே பாடம், ஒவ்வொன்றாக எழுதலாம்.

அதே நாட்டில் இந்தியானாபொலிஸ் நகரில் 2010இல் வளர்ந்தவர்களுக்கென்றே ஓர் உயர்பள்ளி தொடங்கினார்கள். எக்செல் சென்ரர் என்று பெயர். அங்கே தவணை எட்டு வாரம்தான். ஒரு தவணை தவறினால் வருடம் போய்விட்டது என்று அழ வேண்டியதில்லை. கட்டடத்துக்குள்ளேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை. அவர்களிடம் காசு இருக்கிறது, எங்களிடம் இல்லை என்பீர்கள். எட்டு வாரத் தவணைக்குக் காசு எதற்கு? குழந்தை அறைக்கு ஒரு பாயும் பொறுமையான ஒரு பாட்டியும் போதும்.

இன்னும் கிட்டப் பாருங்கள், இந்தியாவின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கியது. ஒருதரம் பதிந்தால் ஐந்து வருடம் செல்லும். அந்த ஐந்து வருடத்துக்குள் இந்தமுறை ஒரு பாடம், அடுத்தமுறை இரண்டு பாடம் என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். சித்தியடைந்தது சித்தியடைந்ததுதான், அதை யாரும் பறிப்பதில்லை. இங்கே பல அரச வேலை விளம்பரங்களில் என்ன போடுகிறார்கள்? ஓ.எல்.லில் ஆறு பாடம், இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல், அதாவது பரீட்சையை இரண்டு தரத்துக்குள் எழுதி. நெல்லு வெட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு ஏன் ஐந்து அமர்வு தரக்கூடாது? ஐந்தாவது அமர்வில் தெரிந்த கணிதம் முதல் அமர்வில் தெரிந்த கணிதத்தைவிடக் குறைந்ததா? இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். அதிபரும் கல்வி வலயத்தில் இருந்து வந்தவர்களும் இங்கே இருப்பதால்தான் உரத்துச் சொல்கிறேன்.

அந்த விதி மாறும்வரை நாங்கள் கைகட்டி இருக்கத் தேவையில்லை. இரண்டு அமர்வு தருகிறார்களா, அதற்குள்ளேயே திட்டம் போடுவோம். முதல் அமர்வில் தமிழ், சமயம், வரலாறு. இவை ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்குத் தைரியம் தரும் பாடங்கள். இரண்டாவதில் கணிதமும் மற்றவையும். ஆனால் கணிதத்தை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும், கடைசியில்தான் எழுத வேண்டும். கணிதத்தில் முதலில் விழுத்தாட்டிவிட்டால் ஆள் பிறகு மற்றப் பாடத்துக்கும் வராது. ரியூசன் நடத்துகிறவர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள், தெரியும்.

எந்த இடத்தில் தொடங்குவது? ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இடம். ஒருவர் பேப்பரைக் கடகடவென்று வாசிப்பார், ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பேனை ஓடாது. இன்னொருவர் சந்தையில் மனக்கணக்கில் புலி, ஆனால் தசமப் புள்ளியைக் கண்டால் பயம். ஆகவே முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொருவரோடும் தனியே இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இது தெரியும், இது தெரியாது, இந்த நாளில்தான் வர முடியும், இந்தப் பரீட்சைக்குத்தான் போகிறோம். அந்தக் கொப்பிதான் அவருடைய பாடத்திட்டம். தரம் 6 புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டி வந்தால் தொடங்குங்கள், அட்டையை மட்டும் பழைய கலண்டர் தாளால் மூடிவிடுங்கள்.

ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். கரும்பலகை இருக்கிறது, நல்லதாய்ப் போச்சு. ஒரு அம்மா 50,000 ரூபா நுண்கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 1,200 ரூபா, 52 வாரம். மொத்தம் கட்டுவது 62,400. வட்டி 12,400. கடன் கொடுத்தவர் "வருடத்துக்கு இருபத்தைந்து வீதம்கூட இல்லை அம்மா" என்கிறார். 12,400ஐ 50,000ஆல் பிரித்தால் 24.8 வருகிறது, ஆள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கையில் வருடம் முழுவதும் 50,000 இருந்ததா? முதல் வாரமே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டாரே. வாரா வாரம் கடன் முதல் குறைந்துகொண்டு போகிறது. முதல் வாரத்துக்கு வாரம் சம அளவில் குறைகிறது என்று வைத்து, ஒவ்வொரு வாரமும் மீதியாக இருந்த முதலைப் பார்த்து வட்டியைக் கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 49 வீதம் வருகிறது. கிட்டத்தட்ட இரட்டிப்பு! இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காண்பது ஓ.எல். கணிதத்தில் இருக்கிற பாடம். பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக் கொட்டாவி விடும். தவணை கட்டிக்கொண்டிருக்கிற அம்மாவுக்குப் படிப்பித்துப் பாருங்கள், நித்திரை வராது. கணிதம் தெரியாதவர்கள் என்று நாங்கள் ஒதுக்கியவர்களுக்குத்தான் கணிதம் அவசரமாகத் தேவைப்படுகிறது.

இனி நேரம். மழைக்கால நெல்லான காலபோக விதைப்புக்கு ஒக்ரோபரில் எல்லோரும் வயலில் நிற்பார்கள். பெப்ரவரி, மார்ச் அறுவடை, அப்போது வகுப்பு வைத்தால் ஆசிரியர் மட்டும்தான் இருப்பார். ஆனால் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை மழை. வயலில் வேலை குறைவு, கடலும் கொந்தளிப்பு, படகுகள் கரையில். எட்டு வாரம் அங்கேயே கிடைக்கிறது. கோடைகால நெல்லான சிறுபோகம் விதைத்த பிறகு ஜூன், ஜூலையில் இன்னொரு எட்டு வாரம். தொழிற்சாலைக்குப் போகிற தங்கச்சிமாருக்கு இந்தக் கணக்கு சரிவராது. விடியப் பஸ் ஏறினால் பொழுதுபட்டபிறகுதான் வீடு, அவர்களுக்குப் போகம் இல்லை. ஆகவே ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு தரம் படிப்பியுங்கள், வியாழன் இரவு ஒருதரம், ஞாயிறு காலை ஒருதரம். எது வசதியோ அதற்கு வரட்டும். இரண்டுக்கும் வர முடியாதவருக்கு ஆசிரியர் அந்தப் பாடத்தைத் தன் குரலில் சிறு சிறு துண்டாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் போடட்டும். வீடியோ வேண்டாம், டேட்டா தின்றுவிடும். குரலென்றால் சமைத்துக்கொண்டும் கேட்கலாம்.

போனிலேயே முழுவதையும் நடத்திவிடலாம் என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நீங்கள். அதைவிட முக்கியம், இரண்டு கிழமை ஒருவர் வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் "என்ன பிள்ளை, சுகமில்லையோ" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். போன் அதைக் கேட்காது. பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுங்கள். இளைப்பாறிய ஆசிரியர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அந்த மாணவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அழைத்தால் வருவார்கள்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். இரவு எட்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் வீட்டுக்குப் போவது எப்படி? ஒழுங்கையில் விளக்கு இல்லை, சில பக்கங்களில் யானைப் பயமும் உண்டு. இதைத் தீர்க்காமல் "பெண்கள் வருகிறார்கள் இல்லை" என்று கூட்டத்தில் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. ஒரே பக்கத்து ஆட்களைச் சேர்த்து அனுப்புங்கள், இரண்டு அண்ணன்மார் மோட்டார் சைக்கிளில் பின்னால் போகட்டும். மாமியார்மாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் பேரப்பிள்ளையை வைத்திருங்கள். கலியாணம் கட்டினவளுக்கு இனியென்ன படிப்பு என்று சொல்லாதீர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அவளைத்தானே முன்னுக்கு விடுகிறீர்கள்!

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பழைய மாணவர்களுக்கும் இந்தப் பேச்சை யாராவது அனுப்பிவிடுங்கள். பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்டினது போதும். வளைவுக்குப் போகிற காசில் ஒரு வருடத்துக்கு விளக்கும், பஸ்காசும், கொப்பியும், பரீட்சைக் கட்டணமும் கொடுக்கலாம். வளைவில் பெயர் பொறிக்க இடம் இருக்கிறது, இதில் இல்லை, அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் ஓ.எல். தேவையா என்று ஒருவர் துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. தேவையில்லை. நல்ல மேசனுக்கு, மெக்கானிக்குக்குத் தொழில் தகைமைச் சான்றிதழ் முதலில் வேண்டும், அதற்கு உதவுங்கள். ஓ.எல். வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் கொப்பி எழுதும் நாளில் அவரே தீர்மானிக்கட்டும். மற்றவர்களுக்காக நாங்கள் தீர்மானித்துப் பழகிவிட்டோம்.

கடைசியாக ஒழுங்கு விஷயம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் நூலகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பெயரோடு எந்த நாள், எந்த நேரம் வர முடியும் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் நாள் குறிப்போம். அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள், பரீட்சை வரும்போது தேடாதீர்கள். இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைத்தவர்கள் பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் எடுக்கும், ஆகவே அந்த ஆட்கள் இன்றைக்கே கையை உயர்த்துங்கள், கிராம சேவையாளர் இங்கேதான் இருக்கிறார்.