ஞானத்தாய் வம்புக்காரி ஆன கதை

நண்பர்களே, வம்புப்பேச்சைக் குறிக்கும் காசிப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையத்தில் ஒரு பிறப்புக் கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து அரசியல்வாதிகள் ஆளைக் கூப்பிட்டு, மதுக்கடைக்குப் போய் ஒரு மடக்கு குடித்துக்கொண்டே ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வா என்று அனுப்புவார்களாம், 'கோ, சிப்' என்ற அந்த உத்தரவுதான் காசிப் ஆனதாம். சுத்தப் புருடா. வம்பைப் பற்றியே ஒரு வம்பு!

உண்மையில் அது தேவாலயத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'காட்-சிப்': காட் என்றால் கடவுள், சிப் என்றால் உறவு. உடன்பிறப்பைக் குறிக்கும் சிப்லிங் என்ற சொல்லில் இருப்பதும் இதே சிப்தான். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கிற ஞானப்பெற்றோருக்குத்தான் அந்தப் பெயர். சாதாரண உறவில்லை, அந்த உறவுக்குள் கல்யாணம் கூடாது என்று திருச்சபையே தடை போட்டிருந்தது. வைக்கிங் கடற்கொள்ளையரிடம் இங்கிலாந்து அடிவாங்கிக்கொண்டிருந்த 1014 வாக்கில், யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன் தன் பிரசங்கம் ஒன்றில், ஞான உறவினரையும் ஞானப்பிள்ளைகளையும் நம் ஜனங்களே நாடெங்கும் அழித்துவிட்டார்களே என்று புலம்புகிறார். அங்கே வருகிறது இந்தச் சொல், அழுகையோடு.

அப்புறம் எப்படி வம்பானது? பிரசவ அறை வழியாக. பிள்ளை பெறுகிறவளுக்குத் துணையாக வந்து உட்காரும் தோழிகளையும் காசிப் என்றே அழைத்தார்கள். கதவைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, சாவித்துவாரத்தைக்கூட அடைத்துவிட்டு, மசாலா போட்ட சூடான மதுக்கஞ்சியைக் குடித்தபடி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். ஆண்களுக்கு அனுமதி கிடையாது. இத்தனை நேரம் உட்கார்ந்தால் பேசாமல் என்ன செய்வார்கள்? உள்ளே நடந்த பேச்சு காதில் விழாத எரிச்சலில்தான் வெளியே நின்றவர்கள் அதற்கு வெட்டிப்பேச்சு என்று முத்திரை குத்தினார்கள் என்பது என் ஊகம். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியைப் பிரித்தால் மொத்த வீழ்ச்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் பொருள், ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்பவர். இரண்டாவது, கூடக் குடிக்கிற கூட்டாளி. மூன்றாவது, பிரசவ வீட்டுப் பெண்களைப்போல வம்பளந்து திரிகிறவர். அதுவரைக்கும் ஆளைத்தான் குறித்தது, பேச்சையே காசிப் என்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் சகஜமாகிறது.

சரி, இது ஆங்கிலேயருக்கு மட்டும் வந்த புத்தியா என்றால் இல்லை. பிரெஞ்சில் 'கொமேர்' என்றால் ஞானத்தாய், அதிலிருந்து கிளைத்த 'கொமெராஜ்' என்றால் வம்புப்பேச்சு. ஸ்பானிய மொழியிலும் 'கொமாத்ரே' இதே பாதையில்தான் போயிருக்கிறாள். ஞானத்தகப்பனின் கதை வேறு மாதிரி. பிரெஞ்சில் அவர் 'கொம்பேர்'. அந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் கடன் வாங்கி, மைக்கைக் கையில் கொடுத்து, மேடை நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். அவரும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார், ஆனால் அதற்குச் சம்பளம் உண்டு.