பிள்ளைக்கு ஏற்ற நாய், நாய்க்கு ஏற்ற வீடு

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் நிலையத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர் கால்நடை வைத்திய அதிகாரி அவர்களே, அயற்பாடசாலை அதிபர்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் என் செல்வங்களே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தவிசாளர் அவர்கள் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. நான் பேசப்போவதில் பெரும்பங்கு அவருடைய காதுக்குத்தான். கறக்கிற மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் நடுச்சாமத்திலும் புறப்பட்டுவரும் வைத்திய அதிகாரி அவர்களையும் இந்த ஊர் மறக்காது.

விசேட தேவையுடைய பிள்ளை வளரும் வீட்டுக்குக் காப்பகத்து நாய் ஒன்றை எடுத்து வரலாமா? நாயை எப்படித் தெரிவு செய்வது, பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது, பாடசாலை என்ன செய்யலாம் என்று மூன்று விடயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். மூன்றுக்கும் எங்கள் ஆச்சிமார் சொன்ன ஒரே பழமொழி போதும்: பாத்திரம் அறிந்து பிச்சையிடு.

நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், தன்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவன் தன்னை விட்டுத் தன் நாயான ஜிங்கிள்ஸோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டார். நாய் அறையில் இருக்கும்போது அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல அவரோடும் பழகியது. இதைப் பற்றி 1962இல் அவர் எழுதினார். அதன் பிறகுதான் விலங்குகளின் துணையோடு சிகிச்சை செய்யும் துறை வளர்ந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கோண்டாவிலில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் சிவபூமி அறக்கட்டளையே இயக்கச்சியில் நாய்களுக்குச் சரணாலயமும் வைத்திருக்கிறது. பிள்ளைக்கும் நாய்க்கும் ஒரே மனம் இடம் கொடுத்திருக்கிறது. அதை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். ஓட்டிசம் உள்ள பையன். பேச்சு இல்லை. புளியங்கொட்டைகளை விறாந்தையில் வரிசையாக அடுக்குவான். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் அன்று வீடு இரண்டுபடும். கனடாவில் இருக்கும் மாமா, பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று காசு அனுப்பி, கொழும்பிலிருந்து சாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வெள்ளை வெளேர் என்று பொம்மைபோல இருந்தது. வந்த அன்றே புளியங்கொட்டை வரிசையில் பாய்ந்தது. காலைக் கடித்தது, முகத்தை நக்கியது, படலை திறந்தால் குரைத்தது, காகம் இருந்தாலும் குரைத்தது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாமியறைக்குள் போனவன், சாப்பிடவும் வெளியே வரவில்லை. மாமாவின் அன்பில் குறை சொல்ல முடியாது. பாத்திரம் அறியாமல் இட்ட பிச்சை அது. அந்தக் குட்டியை ஆசையோடு கேட்ட உறவினர் வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

பிறகு தாய் பையனை ஒரு நாய்க் காப்பகத்துக்கு அழைத்துப் போனார். "ரீச்சர், இவன் எந்த நாயையும் தொடவே இல்லை" என்று என்னிடம் கவலைப்பட்டார். தொடவேண்டாம், சும்மா இருக்கட்டும், அடுத்த கிழமையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அங்கே ஒரு காது கிழிந்த, வயது வந்த பெட்டை நாய் இருந்தது. யாரும் கேட்காத நாய். பையன் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் இருந்து கொட்டைகளை அடுக்கினான். அது ஒரு முழம் தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. கொட்டைகளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல கிழமைகள் இப்படியே போயின. ஒரு நாள் பையனே எழுந்து தன் வரிசையை அதன் வால்வரை நீட்டினான். அந்த நாய்தான் வீட்டுக்கு வந்தது.

அம்மம்மாதான் படலையில் மறித்தார். "பெட்டை நாயா? வருடத்தில் இரண்டு முறை குட்டி போட்டால் யார் பார்ப்பது?" கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று என்ற பிறகுதான் வழிவிட்டார். இன்று அதே அம்மம்மா மீனில் முள் எடுத்துச் சோறு பிசைந்து, "என் பிள்ளை சாப்பிட்டதா?" என்று கேட்கிறார். எந்தப் பிள்ளையைக் கேட்கிறார் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை! பையன் இன்னும் பேசவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும், யாரும் சொல்லாமல், நாயின் சட்டியில் தண்ணீர் ஊற்றுகிறான். தாயைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்வார்.

ஆகவே பெற்றோரே, இப்படிப்பட்ட பிள்ளைக்குக் குட்டி நாயை விட, குணம் தெரிந்த வளர்ந்த நாய் நல்லது. திடீர்ச் சத்தத்துக்கு அது என்ன செய்கிறது, வாலைப் பிடித்தால் விலகிப்போகிறதா, உறுமுகிறதா என்று காப்பகத்தாரிடம் கேளுங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்புவதும் "போதும்" என்று நாய் சொல்லும் முறை. அது ஒதுங்கிப் போக ஒரு மூலை வேண்டும், அங்கே பிள்ளை போகக்கூடாது. பெரியவர் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். இழுப்பு (ஆஸ்த்துமா) உள்ள பிள்ளையானால் வைத்தியரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பூச்சி மருந்தும், ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் கட்டாயம். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நாய்க்குப் பயந்த பிள்ளையை வற்புறுத்தவே வேண்டாம். அமைதியான பூனை போதும், மீன் தொட்டியும் போதும். பாத்திரம் அறிந்து பிச்சையிடு.

தவிசாளர் அவர்களே, இனி உங்களிடம் வருகிறேன். அந்தக் கிழிந்த காது நாய் எப்படிக் காப்பகத்துக்கு வந்தது? உரப்பையில் கட்டி மதகடியில் போட்ட பெட்டைக் குட்டிகளில் ஒன்றாக வந்தது. கடுவன் என்றால் கேட்டு வாங்குகிறோம், பெட்டை என்றால் கோயில் வீதியிலும் சந்தையடியிலும் கொண்டுபோய் விடுகிறோம். வைரவருக்கு வடைமாலை சாத்துகிற ஊர் இது. அவருடைய வாகனத்தைக் கண் திறக்காத பருவத்தில் வீதியில் எறிவது எந்த வழிபாடு? ஒரு பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், இரண்டு மாதம் சுமந்து குட்டி போடும். காப்பகம் நிரம்பி வழிந்தால், ஒவ்வொரு நாயின் குணத்தையும் இருந்து பார்க்க அங்கே யாருக்கு நேரம் கிடைக்கும்? பிள்ளைக்கு ஏற்ற நாயைத் தேடித்தருவது எப்படி?

ஆகையால் நான் கேட்பது இரண்டு. ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் பெட்டை நாய்களுக்கு இலவசக் கருத்தடை முகாம் வையுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு தொகையை எழுதுங்கள். மற்றது, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், கூட்டமும் சத்தமும் இல்லாமல், நம் பிள்ளைகள் மட்டும் காப்பகத்தில் போய் இருக்க ஒழுங்கு செய்து தாருங்கள். வைத்திய அதிகாரி அவர்கள் தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பை அறிக்கைப் புத்தகத்தில் எழுதும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாடசாலையைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். வீட்டில் பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் போகும்போது வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரும் குறிச்சியும் எழுதிவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியலைத் தவிசாளரின் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நன்றி, வணக்கம்.