ஜாமீன் கட்ட முடியாத வீடு
(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

புடு லாலாபோர்ட்டுக்குப் போனவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, முக்கால்வாசிப் பேர் போயிருக்கிறீர்கள். அந்தப் பேரங்காடி நிற்கும் நிலத்தில்தான் புடு சிறை இருந்தது. வெள்ளைக்காரன் 1895ல் கட்டி முடித்தான். 1996ல் மூடினார்கள், அப்புறம் இடித்தார்கள். பழைய முன்வாசல் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் புடு வாசலில் அம்மாக்கள் பிள்ளையைப் பார்க்கக் காத்திருந்தார்கள். இப்போது சுங்கை பூலோ சிறை வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆபத்தான ஒருவனை அடைத்து வைத்தால், அடைத்திருக்கும் வரை ஊர் நிம்மதியாக இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. கொலைகாரனை விட்டுவிடுங்கள் என்று கேட்கவும் இல்லை. ஆனால் உள்ளே போனவன் திருந்தி வருகிறானா? அமெரிக்காவில் 2005ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 5 ஆண்டுகளுக்குள் நான்கில் மூன்று பேர் திரும்பவும் கைதாகிவிட்டார்கள். நம் நாட்டையே பாருங்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு 1983ல் கட்டாயத் தூக்கு வந்தது. 2023ல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். இடையில் கடத்தல் ஒழிந்ததா? மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒருவனைத் தடுக்கும். மாட்டமாட்டோம் என்று நம்புகிறவன் எத்தனை வருஷத் தண்டனை என்று கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, என் மனத்தை அறுப்பது தண்டனை பெற்றவர்கள்கூட இல்லை. தீர்ப்பே வராமல் உள்ளே இருப்பவர்கள்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பு. விசாரணைக்காக மேலும் சில நாள் தடுத்து வைக்கலாம். அப்புறம் குற்றச்சாட்டு, ஜாமீன். பணம் இருந்தால் அன்று மாலையே வீடு. இல்லாவிட்டால் வழக்கு முடியும் வரை சிறை. குற்றமற்றவர் என்றே சட்டம் அவரைக் கருதுகிறது, ஆனால் படுப்பது கைதிகளோடு.

செந்தூலில் ஒரு குடும்பம். மகன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறவன். கைப்பேசித் திருட்டு என்று பிடித்தார்கள். ஜாமீன் 4,000 வெள்ளி (ரிங்கிட்). அம்மா அலுவலகம் கூட்டுகிறவர், மாதச் சம்பளத்தில் வாடகை போக மிச்சம் கிடையாது. அடகு வைக்க ஒரு தோடு இருந்தது, அதுவும் மோட்டார் தவணைக்குப் போயிற்று. நான்காம் மாதம் தவணை நின்று, மோட்டாரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கை படிவம் ஐந்து பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள். ஏழாம் மாதம் சாட்சி வரவில்லை, பையனை விடுவித்தார்கள். மோட்டாரும் இல்லை, வேலையும் இல்லை. படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்பிஎம் பொதுத் தேர்வைத் தங்கை எழுதவே இல்லை.

சிறைக்கு ஆகும் செலவு என்றால் சோறு, காவலர் சம்பளம், கட்டடம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் எஸ்பிஎம்மை எந்தக் கணக்கில் எழுதுவது?

வேறு வழியே இல்லையென்று சொல்லாதீர்கள். சிறு குற்றத்துக்குச் சிறைக்குப் பதிலாகத் தினமும் சில மணி நேரம் கட்டாய வேலை கொடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. 2008 முதல், தண்டனை முடியும் முன்பே கண்காணிப்போடு வெளியே விடும் பரோலும் இருக்கிறது. நீதிபதிகள் அந்தப் பழைய சட்டத்தை இன்னும் தாராளமாகக் கையில் எடுக்க வேண்டும். ஜாமீன் தொகையைக் குற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எதிரே நிற்கிறவரின் வருமானத்தையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைப் பிடித்தால் அழுதுகொண்டு நிற்காதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. முதல் நாளே கேளுங்கள், ஜாமீனைக் குறைக்கச் சொல்லி அவரை மனுப் போடச் சொல்லுங்கள். அந்தச் செந்தூல் அம்மாவுக்கு இப்படி ஒன்று இருப்பது ஐந்தாவது மாதத்தில்தான் தெரிய வந்தது.